ஏழு நாள் முகாமுக்கு ஊர் தேடும் புதிய திட்ட அலுவலருக்கு

முதல்வர் அறைக்குக் கூப்பிட்டு, டீ வரவழைத்துக் கொடுத்து, "இந்த வருஷத்திலேர்ந்து என்.எஸ்.எஸ். நீங்க பாத்துக்குங்க மேடம்" என்று சொல்லியிருப்பார். நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஒரு யூனிட், நூறு மாணவர்கள், ஒரு பீரோ சாவி. பீரோவைத் திறந்தால் போன முகாமின் பேனரும் பாதி காலியான பிளீச்சிங் பவுடர் மூட்டையும் இருக்கும். எனக்கும் அப்படித்தான் வந்து சேர்ந்தது. விழுப்புரம் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். நாலு வருஷம் திட்ட அலுவலராக இருந்து நாலு முகாம் நடத்தினேன். முதல் முகாமை முகாம் என்று சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது.

அந்த முதல் முகாமில் குளக்கரையில் முள் வெட்டினோம், பள்ளிச் சுவருக்கு வெள்ளையடித்தோம், 200 மரக்கன்று நட்டோம், பிளாஸ்டிக் ஒழிப்புப் பேரணி போனோம். மறு மாதம் போய்ப் பார்த்தேன். ஆடு தின்றது போக 11 கன்று நின்றது. அதுகூடப் பரவாயில்லை. நிறைவு விழா அன்று கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஒரு அம்மா, எல்லாரும் கலைந்தபிறகு என்னிடம் வந்தார். "ஏழு நாளா பெருக்கினீங்களே டீச்சர், எங்க தெரு எங்க இருக்குன்னாச்சும் தெரியுமா?" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. எனக்குத் தெரியாதுதான். தார் ரோடு முடிந்து, ஏரிக்கரையைத் தாண்டி, அரைக் கிலோமீட்டரில் இருந்தது தலித் மக்கள் குடியிருக்கும் காலனி. ஏழு நாளும் நாங்கள் ஊருக்குள்ளேயே பெருக்கியிருக்கிறோம்.

அதற்கப்புறம் நடத்திய மூன்று முகாம்களில் கற்றுக்கொண்டதை, தடுக்கி விழுந்த இடங்களையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன். பல்கலைக்கழகம் அனுப்பும் சுற்றறிக்கையில் இருப்பதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. அதை நீங்களே படித்துக்கொள்வீர்கள்.

ஊருக்கு மூன்று தடவை போங்கள்

முகாமுக்கு முன்னால் மூன்று தடவையாவது ஊருக்குப் போக வேண்டும். முதல் தடவை ஊராட்சித் தலைவரையும் வி.ஏ.ஓ.வையும் பார்க்க. இது மரியாதைக்கு, பெரிதாக எதுவும் தெரியவராது. இரண்டாவது தடவை கிராம சபை நடக்கும் நாளில். வருஷத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பேசாமல் பின்னால் உட்கார்ந்து, யார் பேசுகிறார்கள், யார் நின்றுகொண்டே இருக்கிறார்கள், யாருடைய கையெழுத்தை முதலில் வாங்குகிறார்கள் என்று பாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஊர் புரிந்துவிடும்.

மூன்றாவது தடவை யாரையும் கூட்டிக்கொள்ளாமல், சாயங்காலம் ஆறு மணிக்குமேல் காலனிக்குப் போங்கள். பகலில் போனால் கிழவர்களும் கோழிகளும்தான் இருப்பார்கள். அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எந்த மாசம் எல்லாரும் ஊர்ல இருப்பீங்க?" எங்கள் பக்கத்தில் பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளைக்குக் குடும்பம் குடும்பமாகப் போய்விடுவார்கள். பிள்ளைகளும் கூடவே போகும். கரும்பு வெட்டுக்குப் போகிறவர்களும் உண்டு. நம் கல்லூரிகளோ செமஸ்டர் பார்த்து, பட்ஜெட் வந்ததும், பிப்ரவரியில் முகாம் போடும். யாருக்காகப் போகிறோமோ அவர்கள் ஊரில் இல்லாத மாசமாகப் பார்த்துப் போகிற வழக்கம் இது. நான் முதல்வரிடம் சண்டை போட்டு டிசம்பர் கடைசிக்கு மாற்றினேன். பணம் வர மூன்று மாதம் ஆயிற்று. மளிகைக்கடையில் கடன் சொன்னேன்.

ஒரு வார்த்தையை மட்டும் ஊரில் உச்சரிக்காதீர்கள்: தத்தெடுப்பு. கல்லூரிகளைக் கிராமங்களோடு இணைக்கும் மத்திய அரசுத் திட்டமான உன்னத் பாரத் அபியானில் ஒரு கல்லூரி ஐந்து கிராமங்களைத் தத்தெடுக்க வேண்டும் என்று இருக்கிறது. படிவத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பேனரில் "எங்கள் கல்லூரி தத்தெடுத்த கிராமம்" என்று போட்டுக் கட்டியதைப் பார்த்த ஒரு பெரியவர், "நாங்க என்ன தாயில்லாப் புள்ளைங்களா?" என்று கேட்டார். அன்று ராத்திரியே கழற்றினோம்.

எங்கே தூங்குவது, யார் சமைப்பது

முகாமில் நீங்கள் எடுக்கும் முடிவுகளில் பெரியது இது. ஊர்ப் பள்ளியிலோ மண்டபத்திலோ தங்கினால் சௌகரியம். கழிப்பறை இருக்கும், மின்விசிறி சுற்றும். ஆனால் அங்கே தங்கிவிட்டால் காலனிக்காரர்கள் நம்மைப் பார்க்க வரமாட்டார்கள். வந்தாலும் வாசலோடு நிற்பார்கள். இரண்டாவது முகாமிலிருந்து ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் தங்கினோம். ஊர்க்காரர்களுக்கு அங்கே வர மனத்தடை இருக்கும் என்றால், அந்தத் தடை அவர்களுடையது, அவர்களே தாண்டட்டும்.

பெற்றோரிடமிருந்து போன் வரும். "வேற இடமே கிடைக்கலியா மேடம்?" வாதம் செய்யாதீர்கள். பெற்றோர் ஒப்புதல் கடிதத்திலேயே தங்குமிடத்தின் முழுப் பெயரை எழுதிவிடுங்கள். கையெழுத்துப் போடாதவர்கள் வரமாட்டார்கள், அவ்வளவுதான். எனக்கு அந்த வருஷம் இரண்டு பேர் குறைந்தார்கள். பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை, தண்ணீர், வெளிச்சம் இந்த மூன்றையும் நீங்களே நேரில் பாருங்கள். "எல்லாம் இருக்கு மேடம்" என்று யார் சொன்னாலும் குழாயைத் திறந்து பார்த்துவிட்டே நம்புங்கள்.

சமையலுக்குக் கல்லூரி கேண்டீன் மாஸ்டரைக் கூட்டிப்போகாதீர்கள். காலனியின் மகளிர் சுயஉதவிக் குழுவிடம் கொடுங்கள். அரசு தரும் முகாம் தொகை மூன்று வேளைக்கு இழுத்துப் பிடித்துத்தான் வரும். அந்தத் தொகையாவது அந்தத் தெருவிலேயே தங்கட்டும். என் மாணவர்களில் சிலர் முதல் நாள் பிரெட் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கண்டும் காணாமல் இருந்தேன். இரண்டாம் நாள் கருவாட்டுக் குழம்பு வாசனைக்கு பிரெட் தோற்றது. நிறைவு நாள் பந்திக்கு ஊர்ப் பெரியவர் ஒருவரை அழைத்தேன். வந்தார், சால்வை வாங்கிக்கொண்டார், செவ்வாய்க்கிழமை விரதம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். இருக்கலாம்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. நம் மாணவர்களுக்குள்ளேயே ஊரும் காலனியும் உண்டு. குழுப் பிரிக்கும்போது அவர்களையே பிரிந்துகொள்ளச் சொன்னால் பஸ்ஸில் எப்படி உட்கார்ந்து வந்தார்களோ அப்படியே பிரிவார்கள். சீட்டுக் குலுக்குங்கள். பாத்திரம் கழுவும் முறை, மைக் பிடிக்கும் முறை இரண்டுக்கும் சீட்டு. "இந்த மாதிரித் தெருவிலிருந்து வந்தவங்க யாரு?" என்று எந்தக் காரணத்துக்கும் கேட்காதீர்கள். சொல்ல விரும்புகிறவர்கள் மூன்றாம் நாள் ராத்திரி தாங்களே சொல்வார்கள்.

கோலமாவு வரைபடம்

முதல் நாள் கேள்வித்தாளோடு வீடு வீடாகப் போகாதீர்கள். நாலு படி கோலமாவு, ஒரு பை புளியங்கொட்டை, விளக்குமாற்றுக் குச்சிகள், கொஞ்சம் வேப்பிலை எடுத்துக்கொண்டு மாரியம்மன் கோயில் முன்னாலோ தண்ணீர்த் தொட்டிப் பக்கமோ உட்காருங்கள். ஊரின் படத்தைத் தரையில் போடச் சொல்லுங்கள். பங்கேற்பு முறை ஊராய்வு என்று சமூகப்பணித் துறையில் பாடமே நடத்துகிறார்கள். பெயர் பெரிதாக இருந்தாலும் வேலை எளிது. மாவு அவர்கள் கையில் இருக்க வேண்டும், நம் கையில் இருக்கக் கூடாது. இதில்தான் எல்லாரும் தோற்போம்.

இரண்டாவது முகாமில் என் மாணவி ஒருத்தி, பி.எஸ்சி. இரண்டாம் வருஷம், ஆர்வக்கோளாறில் அவளே மாவை வாங்கிப் போட ஆரம்பித்தாள். ரோடு போட்டாள், ஏரி போட்டாள், ஊர் நடுவில் வட்டமாக ஒரு கிணறு போட்டு நாலு வேப்பிலையும் வைத்தாள். பார்த்துக்கொண்டிருந்த பாட்டி எழுந்து வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. வலது கால் கட்டைவிரலால் அந்தக் கிணற்றைத் தேய்த்து அழித்தார். மாவு மண்ணோடு கலந்து வெள்ளையாகப் படர்ந்தது. "அது இருக்கு. எங்களுக்கில்ல" என்று சொல்லிவிட்டு, ஏரிக்கு அந்தப் பக்கம் குனிந்து ஒரு சின்னப் புள்ளி வைத்தார். அவர்கள் தண்ணீர் எடுப்பது அங்கே, விவசாயி ஒருவரின் மோட்டார் ஓடும்போது. கரண்ட் இருக்கிற நேரம்தான் தண்ணீர் நேரம். நாற்பது கேள்விப் படிவத்தில் "குடிநீர் ஆதாரம்: கிணறு" என்று டிக் அடித்து வந்திருப்போம்.

அப்புறம் புளியங்கொட்டை. ஒரு வீட்டுக்கு ஒரு குச்சி. அந்த வீட்டில் பன்னிரண்டாவது முடித்தவர் எத்தனை பேரோ அத்தனை கொட்டை. கல்லூரிக்குப் போனவர் இருந்தால் கொட்டைமேல் ஒரு வேப்பிலை. எங்கே கொட்டை இருந்து இலை இல்லையோ அந்த வீடுகள்தான் நம் வேலை.

ஒரே ஒரு வேலை

ஏழு நாளில் ஊரின் எல்லாக் குறையையும் தீர்க்க முடியாது. முதியோர் உதவித்தொகை, மகளிர் உரிமைத் தொகை, பட்டா, ரேஷன் கார்டு என்று குறிப்பேடு நிரம்பிவிடும். எல்லாவற்றையும் எழுதி வி.ஏ.ஓ.விடம் கொடுங்கள், நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். ஆனால் கையில் எடுத்து முடிப்பதற்கு ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். நாம் கல்லூரிக்காரர்கள், நமக்குத் தெரிந்தது கல்லூரிக்குள் வரும் வழி. அதனால் நான் எடுத்தது, பன்னிரண்டாவது முடித்தும் வராமல் நின்ற பிள்ளைகளின் காகிதங்கள்.

தமிழ்நாட்டில் 69 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொழிற்கல்வியில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், 2022 செப்டம்பரிலிருந்து. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டிலிருந்து. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. இவ்வளவும் இருந்தும் ஒரு பெண் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்றால், பாதி நேரம் காரணம் ஒரு எழுத்து. ஆதாரில் செல்வி, மாற்றுச் சான்றிதழில் தமிழ்ச்செல்வி. அப்பா இனிஷியல் ஒன்றில் கே, ஒன்றில் எம்.

வீட்டுக்குப் போய் "சாதிச் சான்றிதழ் இருக்கா?" என்று கேட்டால் "இருக்கு" என்பார்கள். "பாக்கலாமா?" என்று கேளுங்கள். டிரங்குப் பெட்டியிலிருந்து வருவது பெரும்பாலும் மாற்றுச் சான்றிதழாக இருக்கும். அதில் சாதி எழுதியிருப்பதால் அதுவே சாதிச் சான்றிதழ் என்று நினைத்திருப்பார்கள். இல்லாதவர்களை இ-சேவை மையத்துக்குக் கூட்டிப்போங்கள். முதலில் கேன் எண், அதாவது இ-சேவையில் விண்ணப்பிக்கிறவருக்கான பதிவு எண், எடுக்க வேண்டும். ஆதார், ரேஷன் கார்டு, பெற்றோர் அல்லது கூடப்பிறந்தவரின் சான்றிதழ், போட்டோ, ஓ.டி.பி. வரும் போன். கடைசியாகச் சொன்னதுதான் தொல்லை. அந்த நம்பர் சூளையில் இருக்கும் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கும். முந்தின நாள் ராத்திரியே அவரிடம் பேசி, "நாளைக்குப் பத்து மணிக்கு ஒரு நம்பர் வரும், அதை இவங்களுக்கு மட்டும் சொல்லுங்க" என்று சொல்லி வையுங்கள். ஓ.டி.பி. கேட்டால் சொல்லாதே என்று ஊரெல்லாம் பழக்கியிருக்கிறோம், நல்லதுதான். அதனால் நாம் கேட்கும்போது தயங்குவார்கள்.

மனு வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் என்று மேலே போய் வட்டாட்சியர் அலுவலகத்தில் முடியும். வழியில் எங்கே நிற்கிறது என்பதை விண்ணப்ப எண்ணை வைத்துப் பார்க்கலாம். ஒரு மாணவருக்கு ஐந்து எண், வாரம் ஒருமுறை பார்த்துக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். நின்றால் போன் செய்வது என் வேலை.

பழங்குடியினர் சான்றிதழ் வேறு கதை. இருளர் குடும்பங்களுக்கு அதைக் கொடுப்பவர் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர், விசாரணை உண்டு. அப்பாவுக்கே சான்றிதழ் இல்லாத வீட்டில் பிள்ளைக்கு வாங்குவது மாதக்கணக்கில் இழுக்கும். ஒரு அலுவலகத்தில், "இருளர்னா பாம்பு புடிச்சுக் காட்டு" என்று எங்கள் பையனிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். நான் விலங்கியல்காரி, அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்தப் பையன் ஒன்றும் பேசாமல் ஃபைலை எடுத்து மறுபடி அடுக்கினான். இந்த மனுக்களுக்கு மாணவர்களைத் தனியாக அனுப்பாதீர்கள். நீங்கள் போங்கள், அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு. உறவினர் யாருக்காவது எந்த மாவட்டத்திலாவது சான்றிதழ் இருந்தால் அதன் நகலோடு உறவு முறையை ஒரு தாளில் படமாக வரைந்து வையுங்கள். பாதி கேள்வி அதிலேயே அடங்கும்.

வங்கிக் கணக்கிலும் ஒரு சிக்கல். "ஆதார் லிங்க் ஆயிருக்கா?" என்று கேட்டால் கவுன்ட்டரில் "ஆயிருக்கு" என்பார்கள். அது போதாது. உதவித்தொகை, ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கு இணைக்கப்பட்டதோ அதற்குத்தான் போகும். அந்த இணைப்புக்குத்தான் என்.பி.சி.ஐ. மேப்பிங் என்று பெயர். "என்.பி.சி.ஐ. மேப்பிங் இந்தக் கணக்குக்கா?" என்று கேட்கச் சொல்லிக்கொடுங்கள். பள்ளியில் எட்டாவது படிக்கும்போது திறந்து மறந்துபோன கணக்கில் எட்டு மாதப் பணம் தூங்கிக்கொண்டிருந்த கதையை என் வகுப்பிலேயே பார்த்தேன்.

ஆதார் எண்ணை மாணவர்கள் போனில் போட்டோ எடுக்க விடாதீர்கள். குறிப்பேட்டில் கடைசி நாலு எண் போதும்.

கிணறு விஷயம்

அந்தப் பாட்டி அழித்த கிணறு என் மாணவர்களைத் தூங்கவிடவில்லை. நாளைக்கே போய் எல்லாரும் சேர்ந்து தண்ணீர் இறைப்போம் என்றார்கள். பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாதது குற்றம். 1955ஆம் வருஷக் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டமும் 1989ஆம் வருஷ வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கின்றன. 14566 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். இதையெல்லாம் மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். ஆனால் நாம் எட்டாம் நாள் பஸ் ஏறிவிடுவோம். அங்கேயே இருக்கப்போகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று கேட்டுவிட்டே எதையும் செய்யுங்கள்.

நாங்கள் கேட்டோம். பெண்கள் தனியாக உட்கார்ந்து பேசினார்கள். "கெணறு வேணாம், எங்க தெருவுக்குக் கொழா வரட்டும்" என்றார்கள். மனு எழுதினோம், எழுதியது மாணவர்கள், கையெழுத்துப் போட்டது அவர்கள். கிராம சபையில் வைத்தார்கள், ஒரு நகலைத் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்தார்கள். பதினான்கு மாதம் கழித்துக் குழாய் வந்தது. கிணறு அப்படியேதான் இருக்கிறது. இது நியாயம் கிடைத்த கதையா, தீண்டாமைக்கு ஒரு குழாய் போட்டுக் கொடுத்த கதையா என்று ஒரு மாணவன் கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியை அவனுடைய முகாம் அறிக்கையில் அப்படியே விட்டுவைத்தேன். துறைத்தலைவர் எடுக்கச் சொன்னார், எடுக்கவில்லை.

எட்டாம் நாளிலிருந்து

என்.எஸ்.எஸ். 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. மாணவர் ஒருவர் இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம், ஒரு முகாம். எல்லாரும் முகாமைத்தான் பெரிதாகப் பேசுகிறோம். அந்த 240 மணி நேரத்தைப் பேரணியிலும் உறுதிமொழியிலும் கரைக்கிறோம். அதில் பாதியை அதே ஊருக்கு ஒதுக்குங்கள். மாதம் ஒரு சனிக்கிழமை, ஐந்து பேர், அதே ஐந்து வீடுகள். ஆள் மாற்றாதீர்கள்; புது முகம் வந்தால் கதை முதலிலிருந்து தொடங்கும்.

மே மாதம்தான் உண்மையான முகாம். பிளஸ் டூ முடிவு வந்ததும் அரசு கலைக் கல்லூரிகளுக்கான இணையதளம் திறக்கும். நம் கல்லூரி வாசலில் மேசை போடுவதோடு நிறுத்தாதீர்கள்; அந்த ஊரின் இ-சேவை மையத்திலேயே இரண்டு மாணவர்களை உட்கார வையுங்கள். எங்கள் கல்லூரியில்தான் சேர வேண்டும் என்று சொல்லாதீர்கள். பக்கத்து ஊரில் பஸ் நேரே போகும் கல்லூரி இருந்தால் அங்கே போகட்டும். எங்கள் நிர்வாகத்தில் இதற்கு முகம் சுளித்தவர்கள் உண்டு.

சேர்ந்தபிறகு யூமிஸ் எனும் கல்லூரி மாணவர்களுக்கான அரசு இணையப் பதிவு. பள்ளி மாணவர் பதிவில் கொடுத்த எமிஸ் எண் இல்லாமல் உதவித்தொகை நகராது. மாற்றுச் சான்றிதழ் வாங்கும் அன்றே அதைப் பள்ளியில் கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் செமஸ்டரில் இவர்கள் வகுப்புக்கு வருவதை நிறுத்துவது அக்டோபர் வாக்கில், முதல் இன்டர்னல் தேர்வு முடிந்து, ஆங்கிலத் தாளைக் கையில் வாங்கிய வாரம். அந்த வாரம் வீட்டுக்குப் போன் பண்ணுங்கள். இதை எந்தச் சுற்றறிக்கையிலும் பார்க்க மாட்டீர்கள்.

போட்டோ பற்றி ஒன்று. அறிக்கைக்குப் படம் வேண்டும், வேறு வழியில்லை. வரைபடத்தை எடுங்கள், வரிசையாக வைத்த செருப்புகளை எடுங்கள், நம் பிள்ளைகளை எடுங்கள். சான்றிதழ் வாங்குகிற பெண்ணை நடுவில் நிறுத்தி, சுற்றிலும் நாம் நின்று எடுக்கும் அந்தப் படம் மட்டும் வேண்டாம்.

திட்ட அலுவலர் பதவி மூன்று வருஷம், நீட்டித்தால் நாலு. அடுத்தவர் வருவார். பீரோ சாவியோடு குறிப்பேட்டையும் கொடுங்கள். நான் கொடுத்தது 192 பக்க லாங் சைஸ் நோட்டு. முதல் பக்கத்தில் காலனியின் வரைபடம், கிணறு அழித்த இடத்தில் அழித்தபடியே. கடைசிப் பக்கத்தில் முடியாத பெயர்கள் மூன்று இருந்தன. முதல் பெயருக்கு எதிரே "கல்யாணம் ஆகிவிட்டது, மாமியாரிடம் பேசலாம்". இரண்டாவதற்கு "சூளையில், ஜூனில் வருவான்". மூன்றாவதற்கு, பென்சிலில், "கோட்டாட்சியர் அலுவலகம், வியாழக்கிழமை, அத்தையின் சான்றிதழ் நகலோடு".